ஊமைத் தவளை

ஆறுமுகச்சாமி இடது கையில் ஒரு தகரத் தவளையை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த குறட்டால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் தகட்டை நெளித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் நெளிப்பான். கட்டைவிரலால் அமுக்குவான். டக்டக் என்று சந்து முழுக்கக் கேட்கும். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை அமுக்குவான். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் குறட்டை எடுப்பான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள். பவர்லூம் ஓடும் கொட்டகைகளுக்கு, எங்கள் பேச்சில் தறிச் செட்டுகளுக்கு, விடுமுறை. பிரசவ ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். அடுத்த வீட்டு வாசலில் நடக்கும் இந்த வேலையைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தேன்.

“ஏலே ஆறுமுகம், அதக் கீழ வை. மனுசி தூங்கணுமா வேண்டாமா?”

அவன் திரும்பவில்லை. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவன் பெண்டாட்டி வள்ளித்தாய்தான் பதில் சொன்னாள்.

“கூப்பிட்டதும் திரும்பிருவாராக்கும். நானும் கட்டிட்டு வந்த நாள்ல இருந்து பாக்கேன். தொண்ட கிழியக் கத்தணும், இல்ல கல்ல விட்டு எறியணும். மகாராசாவ அவுக அம்மா அப்படி வளத்திருக்கா.”

நான் அவன் முன்னால் போய் நின்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்கக்கா. இந்தக் கொடுமையப் பாருங்க. நேத்து மக பூமாரிக்கு வாங்குனேன். சத்தமே வரல. ஊமைத் தவளைய நம்ம தலையில கட்டிட்டான் பொம்மைக்கடை பாய்.”

“அது போட்ட சத்தத்துலதான நான் எந்திரிச்சு வாரேன்.”

“இதெல்லாம் ஒரு சத்தமாக்கா? நாம சின்னப்பிள்ளையா இருந்தப்ப ஒரு தவளைய அமுக்குனா ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்லா. இப்ப எல்லாம் மட்டச் சரக்கு.”

இது நடந்தது எண்பத்திரண்டாம் வருஷம். இப்போது வயதானவர்கள் நாலு பேர் கூடினால் பழைய விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசி உருகுகிறார்கள். சோடா மூடியைத் தட்டையாக்கி நூல் கோத்துச் சுற்றியது, பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி வெயிலில் பிலிம் காட்டியது, தீப்பெட்டிப் படம் சேர்த்தது, எல்லாம் வரும். அந்தக் காலம் போல வருமா என்று ஒருவர் முடிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறுமுகச்சாமி நினைவுதான் வரும். அவனும் அப்படித்தான் உருகினான். அவன் உருகியதற்குக் காரணம் வேறு.

அவன் இந்தச் சந்திலேயே பிறந்தவன். அவன் அப்பா கைத்தறி போட்டார். பவர்லூம் வந்ததும் கைத்தறியை விற்றுவிட்டு, மகனைச் செட்டில் சேர்த்தார். அப்போது அவனுக்கு மீசை அரும்பவில்லை. முதலில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டான், அப்புறம் இரண்டு தறி, பிறகு நான்கு தறி. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வருவான். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

செட்டுக்குள் மனிதக் குரல் எடுபடாது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பீடிக்குப் போகிறேன். மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். காற்றில் எதையோ கிள்ளினால் இழை அறுந்துவிட்டது, வந்து பார். எட்ட நிற்கிறவனின் வாயசைவைப் பார்த்தே முழுக் கதையையும் தெரிந்துகொள்வார்கள். வெளியே வந்தாலும் கத்திக்கொண்டுதான் பேசுவார்கள். கரண்ட் போய்த் தறிகள் நின்ற நேரத்திலும் இந்தச் சந்தில் யாரும் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். வெளியூரிலிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள் முதல் நாள் ஏதோ சண்டை என்று நினைத்துப் பயந்துபோவார்கள்.

ஆறுமுகச்சாமிக்கு விளையாட்டுச் சாமான் என்றால் உயிர். தறியில் குறுக்கே ஓடி முனை ஒடிந்த நாடாக் கட்டைக்குச் சக்கரம் வைத்து மகளுக்கு பஸ் செய்து கொடுத்தான். நூல் சுற்றும் தார்க்குச்சிகளுக்கு மூக்கு முழி வரைந்து போலீஸ்காரர்கள் ஆக்கினான். ஆனால் எதைச் செய்தாலும் கடைசியில் குறைதான் படுவான். பம்பரம் இப்போது சுற்றும்போது ரொய்யென்று ரொங்குவதில்லை. சோடா மூடி விர்ரென்று பாடுவதில்லை. கிலுகிலுப்பைக்குள் கல்லுக்குப் பதில் பஞ்சை அடைத்து விற்கிறான்கள். டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது கூட இருக்கும் தறிக்காரர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

“ஆமா வே. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. அமுக்குனா மூச்சு விட்ட மாதிரி இருக்கு.”

“அப்ப உள்ள தகரம் வேற வே. கப்பல் தகரம்.”

ஒருவன் சொன்னால் யோசித்துப் பார்க்கலாம். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது.

அன்று சாயங்காலம் அவன் தவளையைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டான். பூமாரியும் கூடவே கிளம்பினாள். எனக்குக் கடைத்தெருவில் வேலை இருந்ததால் நானும் போனேன். தபசு முடிந்தும் ரத வீதியில் கடைகள் இரண்டு மூன்று நாள் இருக்கும். மைதீன் பாட்சா வருஷா வருஷம் வருகிற பொம்மை வியாபாரி. திருவிழா நடக்கும் ஊரெல்லாம் அவருக்குக் கடை உண்டு.

“பாய், இது ஊமை. மாத்திக் குடுங்க.”

மைதீன் பாட்சா தவளையை வாங்கித் தன் காதுக்கு நேரே அமுக்கினார். முகத்தைச் சுளித்தார். “அண்ணாச்சி, என் காது கிழியுது. இத ஊமைங்கீகளே.”

“நீங்க விக்கிறவரு. அப்படித்தான் சொல்லுவீக.”

“சரி, இந்தக் கூடைய எடுத்துக்கிடுங்க. எது பிடிச்சிருக்கோ அத எடுங்க. எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல.”

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கினான். பக்கத்துக் கடை வளையல்காரி காதைப் பொத்திக்கொண்டு, “ஏ பாய், ஒம்ம கடையில மழைக்காலம் வந்துட்டா வே?” என்று கேட்டாள். பூமாரி சிரித்தாள். அவன் எல்லாத் தவளையையும் அமுக்கிவிட்டுக் கூடையைத் தள்ளினான். “எல்லாம் ஒரே சரக்குதான்” என்று சொல்லிவிட்டு மகளுக்கு மிட்டாய் வாங்கப் போனான்.

மைதீன் பாட்சா என்னைப் பார்த்துச் சொன்னார். “ஒங்க தெருக்காரங்க வருசா வருசம் இதே வழக்குத்தான் கொண்டு வாராங்க. சத்தம் பத்தல, சத்தம் பத்தலன்னு. நான் தென்காசியில விக்கேன், கழுகுமலையில விக்கேன். அங்கன எல்லாம் சத்தம் ஜாஸ்தின்னு பொம்பளைங்க ஏசுதாங்க. இந்த ஊர்லதான் இப்படி. என்ன ஏதுன்னு புரியல.”

எனக்குப் புரிந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: காது கெடும்போது முதலில் போவது கூர்மையான சத்தங்கள். கடிகாரம், பூச்சி, விசில். தறி, இடி மாதிரித் தடித்த சத்தங்கள் கடைசி வரை இருக்கும். அதனால் காது கெட்டவனுக்கு அது கெட்டது தெரியாது. உலகம் மந்தமாகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

வீட்டுக்கு வந்ததும் அவனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். என் கைக்கடிகாரத்தை வலது காதோடு ஒட்டி வைத்தேன்.

“கேக்கா?”

பதில் இல்லை. நான் கேட்டதே அவனுக்கு எட்டவில்லை. இடது காதிலும் வைத்தேன். பிறகு பின்னால் நின்று அவன் பெயரைச் சாதாரணக் குரலில் சொன்னேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவன் அசையவில்லை. வள்ளித்தாய் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மதினி செய்யிதிய?”

“இவனுக்குக் காது போயிட்டு வள்ளி. திமிரு இல்ல. நீ கூப்பிடுதது அவனுக்குக் கேக்கல.”

“அப்ப இத்தன வருசமா நான் ஏசுனது ஒண்ணும் கேக்கலியா?”

“பாதி கேட்டிருக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். “சரிதான் போங்க, அம்புட்டும் வீணு.” அப்படியே அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நல்லதும் ஒண்ணு ரெண்டு சொல்லிருக்கேனே மதினி. அதுவும் கேட்டிருக்காதா?” என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தபடியே, “இன்னும் எம்புட்டு நேரம் இருக்கணும்க்கா?” என்று கேட்டான்.

திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காதுக்குள் பார்த்தார், கம்பியைத் தட்டி நெற்றியில் வைத்தார், கேள்விகள் கேட்டார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, சவ்வில் ஓட்டை இல்லை. நரம்பு போய்விட்டது. ஆபரேஷன் செய்ய ஒன்றும் இல்லை. மெஷின் வைத்தால் இரைச்சல் பெரிதாகக் கேட்கும், பேச்சு விளங்காது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் ஒரே வழி, தறியை விட்டுவிட வேண்டும். சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான், என் வாயைப் பார்ப்பதற்காக.

“அந்தத் தவளைக்குக் கோளாறு இல்லையாக்கா?”

“இல்ல.”

“பம்பரத்துக்கு?”

“எல்லாத்துக்கும் சத்தம் இருக்குலே. அன்னைக்கு இருந்தது இன்னைக்கும் இருக்கு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் வரும்வரை திரும்பவில்லை.

தறியை விட்டுவிட்டு எங்கே போவது? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. நிலம் கிடையாது. இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தான். பலசரக்குக் கடைக்காரர் ஒரு நாள் வைத்துக்கொண்டு மறுநாள் வேண்டாம் என்றார். கேட்டது ஒன்று, அவன் கட்டியது ஒன்று. அந்த நேரத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரி வாட்ச்மேன் மகன் வீட்டோடு போய்விட்டார். டாக்டரம்மா என்னிடம், “கோமதியம்மா, யோக்கியமான ஆளா இருந்தாச் சொல்லுங்க” என்றார். ஆறுமுகச்சாமிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நின்றான்.

“அக்கா, அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுங்க.”

“அது வாசக் கேட்டுல உக்காந்து காது குடுக்குற வேலைலே. அர்த்த ராத்திரியில வலியெடுத்து வருவாங்க. நீ எப்படிக் கேப்ப?”

“கேக்க வேண்டாம்க்கா. நான் யோசிச்சு வச்சிருக்கேன்.” அவன் மடியிலிருந்து முறுக்கிய தறிநூல் உருண்டையை எடுத்தான். “சின்னப்பிள்ளையில தீப்பெட்டி டெலிபோன் செஞ்சு விளையாடுவோம்லா. இந்தக் கோடியில பேசுனா அந்தக் கோடியில நூல் அதிரும். அதே மாதிரிதான். கேட்டுல ஒரு முனை, என் மணிக்கட்டுல ஒரு முனை. கேட்ட ஒருத்தன் அசைச்சா என் கைய இழுக்கும். சத்தம் எதுக்கு?”

நல்ல யோசனைதான். இல்லை என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. காது கேட்காது, இப்படி ஒரு ஏற்பாடு, நான் ராத்திரி டியூட்டியில் இருக்கும் நாட்களில் மட்டும் வைத்துப் பார்ப்போம் என்றேன். அவர் என் முகத்துக்காகச் சரி என்றார்.

பகலில் சோதித்துப் பார்த்தோம். நான் கேட்டை ஆட்டினேன். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தான். எங்கள் ஆஸ்பத்திரியைப் பெருக்குகிற முருகம்மாள், “அண்ணன தூண்டில்ல மாட்டியாச்சு. அக்கா, இழுத்துப் பாருங்க, கெண்டையா கெளுத்தியா?” என்றாள். அவனுக்கு அவள் வாயசைவு தெரிந்தது. “விறால் மீனு” என்றான். வெகு நாளைக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் சில ராத்திரிகள் நன்றாகப் போயின. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கேட்டில் கை வைத்ததும் அவன் எழுந்துவிட்டான். பெண்ணின் தகப்பனார், “இந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குப் பாம்புக் காது” என்று என்னிடம் சொன்னார். அதை அவனிடம் சொன்னேன். வள்ளித்தாயிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறான்.

செட்டில் லீவுதான் சொல்லியிருந்தான்; அவன் தறிகளை முதலாளி இன்னும் வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. வேலை நிலைத்தால் வரமாட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

ஆவணி பிறந்தும் அந்த வருஷம் காற்று அடங்கவில்லை. மலைப் பக்கமிருந்து வீசும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். கேட் இரட்டைக் கதவு, நடுவில் சங்கிலி. சங்கிலியில் கொஞ்சம் இடம் இருந்ததால் காற்றுக்குக் கதவு ஆடியது. ஆடும்போதெல்லாம் நூல் இழுத்தது. அவன் எழுந்து போய்ப் பார்ப்பான். வெறும் ரோடு. வந்து உட்காருவான். மறுபடி இழுக்கும். ஒரு ராத்திரி முழுக்க இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து கதவு ஆடாதபடி அண்டை கொடுத்தான். கதவை ஆட்டிப் பார்த்தான். காற்றுக்கு அசையவில்லை, தன் கைக்கு அசைந்தது. போதும் என்று நினைத்தான். தறியில் பாவு நூல் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும் என்று கையாலேயே கண்டுபிடிக்கிறவன். தன் கை பலம் எல்லாருக்கும் இருக்காது என்பதை மட்டும் நினைக்கவில்லை.

அன்று ராத்திரி கழிந்து விடியப் போகிற நேரத்தில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியில் நிறைமாதப் பெண், அவள் மாமியார், ஓட்டிவந்த கிழவர். கிழவர் கதவைத் தட்டினார், ஆட்டினார், கல் அவருக்கு அசைந்து கொடுக்கவில்லை. கூப்பிட்டார். மாமியாரும் கூப்பிட்டாள். நான் உள்ளே வேறொரு பிரசவத்தில் நின்றிருந்தேன். அதை முடித்துக் கை கழுவும்போதுதான் அலறல் காதில் விழுந்தது. ஓடினேன்.

ஆறுமுகச்சாமி தூங்கவில்லை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் மண் விழுகிறது என்று கேட்டுக்கு முதுகு காட்டியிருந்தான். மணிக்கட்டில் நூல் இறுக்கமாக இருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இழுக்கிறதா என்று பார்த்தபடி இருந்தான். அவனுக்குப் பின்னால் கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

நான் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தேன். குழந்தை வண்டியிலேயே, வைக்கோல் மேல் பிறந்துவிட்டது. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பிழைத்தது. அதில் யாருக்கும் பெருமை இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது.

டாக்டரம்மா வந்ததும் கேட்டார். “அவருக்கு அது கேக்கவே இல்லையா?”

“கேக்கல. இழுக்கவும் இல்ல.”

“வேற ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?”

யோசித்தேன். மணி கட்டலாம், அதுவும் காதுக்குத்தான். விளக்கு வைக்கலாம், ராத்திரி பாதி நேரம் கரண்ட் இருக்காது. “முடியாது” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்தக் கேட்டுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு உயிர் இருக்கிறது.

அவனுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டார்ச்சையும் சாவியையும் என் மேசை மேல் கொண்டுவந்து வைத்தான். கல்லை இருந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டான். பகல் முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு படுத்திருந்தான் என்று வள்ளித்தாய் சொன்னாள். சாயங்காலம் நான் போனேன். பஞ்சில் வாஸ்லின் தடவி உருட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

“செட்டுக்குப் போறதுன்னா இதக் காதுல அடச்சுக்கிட்டுப் போ. இருக்கிறது கொஞ்சமாவது நிக்கும்.”

அவன் பஞ்சைக் கையில் வைத்துப் பார்த்தான். “தறிச் சத்தம் ஒண்ணுதான்க்கா ஒழுங்கா கேக்குது. அதையும் அடைக்கச் சொல்லுதியளே.”

“வேற எடம் தேடுலே. மதுரப் பக்கம் எதாவது.”

“அங்கனயும் எவனாவது கூப்பிடுவான். நான் திரும்ப மாட்டேன். திமிர் பிடிச்சவன்னுவான்.” பஞ்சை விரலில் உருட்டினான். “செட்டுல எவனும் கூப்பிட மாட்டான்க்கா. எல்லாவனும் கையத்தான் காட்டுவான். அங்கன நான் செவிடன் இல்ல.”

மிச்சம் இருக்கிற காதையும் அந்த இடம் எடுத்துவிடும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஞ்சை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆறுமுகச்சாமி செட்டுக்குப் போனான். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, மூலையில் இருந்த அவன் பழைய தறிகளையே காட்டினார். அவன் எண்ணெய் விட்டான், நாடாவை மாற்றினான், ஒவ்வொன்றாக ஓடவிட்டான். சோறு கொண்டுபோன வள்ளித்தாய் வாசலில் நின்று கூப்பிடவில்லை. உள்ளே போய்த் தோளைத் தொட்டாள். அவன் தூக்குவாளியை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, கடைசித் தறியில் அறுந்துபோன இழைக்கு முடிச்சுப் போடப் போனான்.